தீயில்லா அடுப்பு

ஒரே பனை, ஒரே பாளை, அதிலிருந்து சொட்டுவதும் ஒரே சாறு. ஆயினும், உட்புறத்தே சுண்ணாம்பு பூசிய முட்டியில் அச்சாறு விழுமாயின், விடியற்காலையில் நமக்குக் கிடைப்பது இனிக்கும் கருப்பநீர். சுண்ணாம்பு பூசாத முட்டியில் விழுமாயின், கிடைப்பது நுரை ததும்பும் கள்ளு. முன்னதைக் காய்ச்சினால் பனங்கட்டியாகும், கல்லாக்காரமாகும், குழந்தைகளும் சுவைத்து உண்பர். பின்னதை அளவின்றி அருந்தியவனோ வீட்டுக்கு வரும் வழியையே மறந்துவிடுவான். ஓர் இரவுக்குள் இத்தனை வேற்றுமையை விளைத்தவர் யாவர்? அவர்கள் அதனைச் செய்வதன் நோக்கம் யாது? ஒரு சிறங்கை சுண்ணாம்பு அவர்களை எங்ஙனம் தடுத்து நிறுத்துகின்றது? இவ்வாரம் நாம் ஆராயப் புகுவது இதுவே.

பனையேறும் தொழிலாளர் பாளையைச் சீவி முட்டியைக் கட்டிவிட்டு இறங்கியதும், அழையாத விருந்தினர் சிலர் அம்முட்டிக்குள் குடிபுகுந்துவிடுகின்றனர். காற்றிலே மிதந்து வருவோர் சிலர். தேனீ, எறும்பு முதலியவற்றின் கால்களில் ஒட்டி வருவோர் சிலர். பழைய முட்டியின் அடியிலே தங்கியிருந்தோர் சிலர். வெறுங் கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிர்களை நுண்ணங்கிகள் என்பர். மதுவம் எனப்படும் ஒருவகைப் பூஞ்சணமும் பற்றீரியா இனங்கள் பலவும் இவற்றுள் அடங்கும். பனஞ்சாற்றிலே நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமற் சீனி கரைந்திருக்கின்றது. பசித்து வந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த விருந்து வேறென்ன வேண்டும்?

அவர்கள் நமக்காகக் கள்ளு வடிப்பதில்லை. தாம் வாழ்வதற்கு வேண்டிய சக்தியைச் சீனியிலிருந்து பெறுவது ஒன்றே அவர்கள் கருமம். கள்ளு என்பது அவர்கள் உண்டு கழித்த மிச்சம். இவ்வுண்மையை அறிவதற்கு மனிதகுலம் பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாஸ்டர் கண்ட உண்மை

1854 ஆம் ஆண்டிலே லூயி பாஸ்டர் பிரான்சு நாட்டின் வடபுலத்திலுள்ள லீல் நகருக்கு இரசாயனப் பேராசிரியராக வந்தார். அப்பகுதியிலே பீற்கிழங்கின் சாற்றைப் புளிக்கவைத்துச் சாராயம் வடிக்கும் தொழில் பெருகியிருந்தது. 1856 இல் தொழிலதிபர் ஒருவர் அவரிடம் ஒரு முறைப்பாட்டுடன் வந்தார். சில தொட்டிகளிலே சாராயத்துக்குப் பதிலாகப் புளித்த நீரே கிடைக்கின்றதென்பது அவர் முறைப்பாடு. பாஸ்டர் நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் துளிகளை எடுத்து நுணுக்குக்காட்டியிலே பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான மதுவக் கலங்கள் மலிந்திருந்தன. கெட்ட தொட்டியிலோ அவற்றினும் மிகச் சிறிய வேறோர் உயிரினம் பெருகிக் கிடந்தது. தொட்டியிலே குடியேறிய உயிர் எதுவோ அதற்கேற்பவே விளையும் பொருளும் அமையும் என்று அவர் தெளிந்தார். பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிரைப் பற்றி 1857 இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையின் முதற்படியாய் அமைந்தது.

ஆனால் அக்காலத்து இரசாயன வித்தகரான ஜெர்மனியின் லீபிக் இதனை ஏற்கவில்லை. நொதித்தல் என்பது வெறும் இரசாயனச் சிதைவே. அதற்கு உயிர் வேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. உயிரின்றி நொதித்தலில்லை என்றார் பாஸ்டர். இருவரும் மறைந்த பின்னரே இவ்வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது.

சாறு சொன்ன தீர்ப்பு

தீர்ப்பை வழங்கியவர் எட்வேட் புக்னர் என்னும் ஜெர்மானியர். மதுவத்தை மணலோடு கலந்து அரைத்து, கலங்களை உடைத்து, பிழிந்து சாறு எடுத்தார் அவர். அச்சாறு கெட்டுப்போகாதிருத்தற் பொருட்டுச் சீனியை மிகுதியாகச் சேர்த்து வைத்தார். நாம் பழங்களைச் சீனிப்பாகிலே இட்டு வைப்பதும் இதே நோக்கத்துடனன்றோ? ஆனால் நடந்தது வேறு. சாற்றிலிருந்து குமிழிகள் கிளம்பின. சீனி அற்ககோலாக மாறிற்று. உயிருள்ள கலம் ஒன்றேனும் அங்கில்லை. எனினும் நொதித்தல் நிகழ்ந்தது! 1897 இல் வெளியான இக்கண்டுபிடிப்புக்காக 1907 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே, இருவர் கூற்றிலும் பாதி உண்மை இருந்தது. நொதிக்கச் செய்யும் பொருளை ஆக்குவது உயிர். ஆக்கப்பட்ட பின்னர் அப்பொருள் உயிரின் துணையின்றியும் தொழிற்படும். அப்பொருளையே நாம் நொதியம் என்கின்றோம். புக்னர் தமது சாற்றில் ஒரேயொரு நொதியம் இருந்ததாகக் கருதினார். குளுக்கோசை அற்ககோலாக்குவதற்குப் பன்னிரண்டு நொதியங்கள் வரிசையாகப் பணிபுரிகின்றன என்பதைப் பின்வந்தோர் கண்டனர். நொதியம் ஒரு புரதம் என்பதை 1926 இல் அமெரிக்கராகிய ஜேம்ஸ் சம்னர் காட்டினார். வாளவரைக்கு இனமான ஓர் அவரையின் விதையிலிருந்து அவர் ஒரு நொதியத்தைப் பளிங்குகளாகப் பிரித்தெடுத்தார். இளமையிலேயே ஒரு கையை இழந்த அவர், ஒற்றைக் கையுடன் ஆய்வுகூடத்திலே உழைத்து முடித்த செயல் அது.

நொதியம் செய்வது என்ன?

ஒரு கரண்டி சீனியை நெருப்பிலிட்டால் அது கருகி எரிந்து வெப்பத்தை விடுகின்றது. மேசைமேல் வைத்தாலோ ஆண்டுகள் பல சென்றாலும் அப்படியே இருக்கின்றது. சீனிக்குள்ளே சக்தி உண்டு. ஆனால் அது வெளிவருவதற்கு முன் ஒரு மேட்டைக் கடக்க வேண்டியிருக்கின்றது. நெருப்பின் வெப்பம் மூலக்கூறுகளை உந்தி அம்மேட்டின்மேல் ஏற்றிவிடுகின்றது. உயிருள்ள கலமோ அவ்வெப்பத்திலே வெந்துபோகும். அதனால் அது வேறு வழியைக் கைக்கொள்கின்றது. நொதியம் மேட்டைத் தாழ்த்தி வழி சமைக்கின்றது. இளஞ்சூடான நீரிலேயே, தீயில்லாமலேயே, சீனி சிதைகின்றது.

ஒவ்வொரு நொதியத்துக்கும் அதற்கென்று அமைந்த பொருள் ஒன்று உண்டு. பூட்டுக்கு ஏற்ற திறப்பு என்று எமில் பிஷர் 1894 இல் கூறிய உவமை இன்றும் வகுப்பறைகளில் வழங்குகின்றது. புரதம் மடிந்து சுருண்டு உண்டாகும் ஒரு சிறு குழியிலே பொருள் வந்து பொருந்துகின்றது, மாற்றம் நிகழ்கின்றது, பொருள் வெளியேறுகின்றது, நொதியம் தேயாமல் அடுத்ததற்குக் காத்திருக்கின்றது. இங்ஙனம் ஒரு கலத்திலே நிகழும் ஆக்கலும் அழித்தலுமாகிய மாற்றங்கள் அனைத்தையும் சேர்த்து அனுசேபம் என்பர்.

சில்லறையும் சுமையும்

சிதையும் சீனியிலிருந்து வெளிவரும் சக்தியைக் கலம் எவ்வாறு கைப்பற்றுகின்றது? பெரிய நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைதோறும் செலவு செய்ய முடியுமா? சில்லறையாக மாற்றியாக வேண்டும். உயிர்களின் உலகில் வழங்கும் அச்சில்லறைக்கு ஏ.ரி.பி. என்று பெயர். 1929 இல் காள் லோமன் இதனைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். மதுவம் முதல் மனிதன் வரை எல்லா உயிர்க்கும் இந்நாணயம் செல்லுபடியாகும். ஒரு குளுக்கோசு மூலக்கூற்றைப் பத்துப் படிகளில் உடைத்து, பைரூவிக்கமிலம் என்னும் பொருளின் இரு மூலக்கூறுகளாக்கும் போது, மதுவத்துக்கு நிகர வருவாயாகக் கிடைப்பவை இரண்டே இரண்டு நாணயங்கள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. சீனியை உடைக்கையில் ஐதரசன் கழற்றப்படுகின்றது. அதனைச் சுமந்து செல்வதற்குக் கலத்திலே சுமையாட்கள் போன்ற மூலக்கூறுகள் சில உண்டு. அவற்றின் தொகை சொற்பம். சுமையை எங்கேனும் இறக்கிவிட்டு வெறுங்கையுடன் திரும்பினாலன்றி, அடுத்த சீனியை உடைத்தல் இயலாது, வேலை நின்றுபோகும். ஒட்சிசனைப் பயன்படுத்திச் சுவாசிக்கும் கலத்திலே அச்சுமை ஈற்றில் ஒட்சிசனிடம் சேர்ந்து நீராகிவிடும். ஒட்சிசன் இல்லாவிடத்து என் செய்வது?

மதுவம் செய்யும் உபாயம் இது: பைரூவிக்கமிலத்திலிருந்து காபனீரொட்சைட்டு வாயுவைப் பிரித்து விட்டுவிடுகின்றது. எஞ்சும் அசற்றல்டிகைட்டின் தலையிலே ஐதரசன் சுமையை ஏற்றுகின்றது. அது அற்ககோலாகின்றது. பாலைத் தயிராக்கும் பற்றீரியாவோ சுமையைப் பைரூவிக்கமிலத்தின் மேலேயே இறக்கிவிடுகின்றது, அது இலற்றிக்கமிலமாகின்றது. ஆகவே கள்ளின் வெறியும் தயிரின் புளிப்பும் ஐதரசனை இறக்கி வைத்த இடத்தின் வேற்றுமையே. கள்ளு விட்ட அப்பமாவைப் பொங்கச் செய்வது, மதுவம் வெளியே விட்ட அந்த வாயுவே.

சிறு வருவாய், பெருந்தீனி

180 கிராம் குளுக்கோசை முற்றாக நொதிக்கச் செய்தால், கணக்கின்படி 92 கிராம் அற்ககோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். அந்த 180 கிராமையும் எரித்தால் ஏறத்தாழ 670 கிலோகலோரி வெப்பம் வரும். 92 கிராம் அற்ககோலை எரித்தாலோ ஏறத்தாழ 650 வரும்! சீனியிலிருந்த சக்தியிலே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அற்ககோலிலேயே தங்கிவிடுகின்றது என்பது இதனால் விளங்கும். வடித்த சாராயத்திலே தீக்குச்சியைக் காட்டினால் நீலச் சுடருடன் எரிவது மதுவம் எடுக்காது விட்ட சக்தியேயாம். ஒட்சிசனைப் பயன்படுத்தும் நம் உடற்கலங்கள் ஒரு குளுக்கோசிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.ரி.பி. நாணயங்களைப் பெறுகின்றன. மதுவத்துக்கு நொதித்தலால் வருவது இரண்டு.

வருவாய் சிறிதாயின் வாணிபம் பெரிதாக வேண்டும். காற்றில்லாத மதுவம், தான் வாழ்வதற்காகப் பெருந்தொகைச் சீனியை விரைந்து விழுங்குகின்றது. காற்றைப் புகவிட்டால் ஒவ்வொரு பங்கு மதுவம் வளர்வதற்கும் செலவாகும் சீனி குறைகின்றது என்பதைப் பாஸ்டரே கண்டறிந்தார்.

இவ்விதிக்குச் சான்றாக மற்றோர் உயிரையும் கூறலாம். 1920 களில் லிந்தினர் என்னும் ஜெர்மானிய அறிஞர், மெக்சிக்கோவிலே ஆனைக்கற்றாழை இனத்துச் செடியின் சாற்றைப் புளிக்கவைத்து அருந்தும் பானத்திலிருந்து ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். சைமோமோனாசு என இன்று அழைக்கப்படும் அது பனை, தென்னைக் கள்ளிலும் வாழ்கின்றது. அது சீனியை உடைக்கும் வழி மதுவத்தின் வழியன்று. ஒரு குளுக்கோசுக்கு ஒரேயொரு நாணயமே அதற்குக் கூலி. மதுவம் பெறுவதிற் பாதி! ஆதலால் அது மதுவத்தினும் விரைவாகச் சீனியைத் தின்கின்றது. தன் உடலை வளர்ப்பது சிறிது. அற்ககோலாகக் கழிப்பது பெரிது. வறியவன் உழைப்பால் ஊர் உண்பதுபோல, இச்சிற்றுயிரின் வறுமையே நமக்கு விளைவாகின்றது.

ஒருவர் கழிவு, மற்றவர் உணவு

கள்ளு நெடுநேரம் திறந்து கிடந்தால் காடியாய்ப் புளிக்கின்றது. முட்டியின் மேற்பரப்பிலே, காற்றுப்படும் இடத்திலே, அசற்றிக்கமிலப் பற்றீரியா குடியேறிவிடுகின்றது. மதுவம் கழித்த அற்ககோலே இதற்கு உணவு. அற்ககோலிலிருந்து கழற்றியதை ஒட்சிசனிடம் ஒப்படைத்து, அசற்றிக்கமிலத்தைக் கழிவாக விடுகின்றது. தென்னங்கள்ளிலிருந்து நம் நாட்டார் செய்யும் வினாகிரி இதன் உழைப்பே. அற்ககோல் தீர்ந்த பின்னரும் காற்றுப்பட விட்டுவைத்தால், இது அந்த வினாகிரியையே மேலும் எரித்து வாயுவும் நீருமாக்கிவிடக் கூடும். அதனாலன்றோ முதிர்ந்த வினாகிரியைப் போத்தலில் நிரப்பிக் காற்றுப்புகாமல் அடைக்கின்றார்கள்.

ஒட்சிசனைப் பயன்படுத்தும் உயிர்கள் நாணயம் அச்சிடும் முறை வியப்புக்குரியது. நம் நாட்டுக் குளங்களை எண்ணிப் பாருங்கள். அணைக்கட்டு நீரை ஒருபுறம் தேக்குகின்றது; மதகு வழியே பாயும் நீர் வயலுக்குப் பயன்படுகின்றது. பற்றீரியாவின் உடலைச் சூழ்ந்த மென்சவ்வே அணைக்கட்டு. எரிதலிலே பிறக்கும் சக்தியால் ஐதரசன் அயன்கள் சவ்வுக்கு வெளியே தள்ளித் தேக்கப்படுகின்றன. அவை மதகு போன்ற ஒரு நொதியத்தின் வழியே மீண்டும் உட்புகும்போது அந்நொதியம் சக்கரம்போற் சுழன்று ஏ.ரி.பி.யை ஆக்குகின்றது. இத்தேக்கத்தின் தத்துவத்தைப் பீற்றர் மிற்செல் என்னும் ஆங்கிலேயர் 1961 இல் வெளியிட்டபோது நம்பினோர் சிலரே; 1978 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சுண்ணாம்பின் வேலை

இப்போது நம் முதல் வினாவுக்குத் திரும்புவோம். சுண்ணாம்பு என்ன செய்கின்றது? அது சாற்றைக் காரமாக்குகின்றது. நொதியத்தின் வலிமை அதன் வடிவத்தில் இருக்கின்றது. அவ்வடிவத்தை நிலைநிறுத்துவன நேர், எதிர் மின்னேற்றங்களிடையே உள்ள மெல்லிய கவர்ச்சிகள். சூழ்நிலை மிகவும் காரமானால் அவ்வேற்றங்கள் மாறுகின்றன, வடிவம் குலைகின்றது, திறப்பு பூட்டில் பொருந்துவதில்லை. அன்றியும், சிறிது புளிப்பான சூழலை விரும்பும் மதுவம் தன் உள்ளிருப்பைக் காத்துக்கொள்ள முடியாமல் தத்தளிக்கின்றது. விருந்து முன்னே இருக்க, உண்ணும் வாய் கட்டப்பட்டுவிடுகின்றது. சீனியும் சீனியாகவே எஞ்சுகின்றது.

அக்கருப்பநீரைக் காய்ச்சும்போது வெப்பம் எஞ்சிய நொதியங்களையும் சிதைக்கின்றது. நீர் வற்றிப் பனங்கட்டியானதும், செறிந்த சீனி நுண்ணங்கியின் உடலிலுள்ள நீரையே வெளியே இழுத்துவிடும். ஆகவே அது கெடாமல் நெடுநாள் இருக்கின்றது. நொதியம் என்ற சொல்லே பிறவாத காலத்தில் நம் முன்னோர் கைக்கொண்ட இம்முறை, அறிவியல் நெறிக்கு முற்றும் பொருந்தியதாய் இருத்தல் நமக்குப் பெருமை தருவதன்றோ?

நம் உடலிலும் அதே அடுப்பு

குளுக்கோசைப் பைரூவிக்கமிலமாக்கும் பத்துப் படிகளும் மதுவத்துக்கு மட்டும் உரியனவல்ல. நம் தசைகளிலும் அதே படிகள், அதே வரிசை. ஓட்டப்பந்தயத்திலே ஒரு மாணவன் விரைந்து ஓடுகையில், தேவைக்கேற்ற விரைவில் ஒட்சிசன் உதவாதபோது, அவன் தசையும் தயிர்ப் பற்றீரியாவைப் போல இலற்றிக்கமிலத்தை ஆக்குகின்றது. பனைமரத்து முட்டியும் பந்தயத் திடலும் ஒரே விதிக்கு உட்பட்டவை.

கள்ளு அருந்துவோர் அறிய வேண்டிய செய்தியும் இதனுள் அடங்கியிருக்கின்றது. மதுவம் அசற்றல்டிகைட்டை அற்ககோலாக மாற்றியதென்று கண்டோம். நம் ஈரலில் அதே வகை நொதியம் ஒன்று எதிர்த்திசையிலே தொழிற்படுகின்றது: உட்சென்ற அற்ககோலை மீண்டும் அசற்றல்டிகைட்டு ஆக்குகின்றது. அது கலங்களின் பரம்பரைப் பொருளையே தாக்கவல்ல நஞ்சு. வேறொரு நொதியம் அதனை விரைந்து அகற்ற முயல்கின்றது. ஆனால் வரவு மிகுந்தால் அதற்கும் ஈடுகொடுக்க முடிவதில்லை. மதுபானத்தைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களுள் ஒன்றாக, உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 1988 இலேயே வகைப்படுத்திவிட்டது. மதுவங்கூடத் தன் கழிவின் செறிவு ஓரளவுக்கு மேற்பட்டால் அதனுள்ளேயே மடிகின்றது. தன்னை ஆக்கிய உயிரையே கொல்லும் பொருளை நாம் விலைகொடுத்து அருந்துதல் அறிவுடைமையாகுமா என்பதை வாசகர் சிந்தனைக்கே விடுகின்றோம்.

வீட்டிலே செய்து பார்க்க

மாணவர்கள் மூன்று சிறு போத்தல்களை எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சீனியும் பாண் செய்வதற்குப் பயன்படும் உலர்ந்த ஈஸ்டும் இடுக. கடையிலே ஈஸ்ட் என வழங்குவது நாம் மதுவம் என்றதுவே. முதலாவதில் இளஞ்சூட்டு நீரையும், இரண்டாவதில் குளிர்ந்த நீரையும் ஊற்றுக. மூன்றாவதற்குரிய மதுவத்தை மட்டும் பெரியவர்கள் துணையுடன் நீரிலே நன்கு கொதிக்கவைத்து, ஆறிய பின் சேர்க்க. இரண்டாவது போத்தலைக் குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தில் நிறுத்துக. மூன்றின் வாயிலும் பலூன்களை மாட்டி ஒரு மணி நேரம் காத்திருங்கள். முதற் பலூன் நிமிர்ந்தெழும்; இரண்டாவது சிறிதே அசையும்; மூன்றாவது துவண்டே கிடக்கும். மூன்றிலும் சீனி உண்டு, மதுவமும் உண்டு. இல்லாதது யாது என்பதை உங்கள் தம்பி தங்கையருக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்.